காகிதத்தில் மடித்த பூரி

1985இல் பிளஸ் டூ முடித்த நம் செட்டுக்கு நாற்பது வருஷம் ஆகிவிட்டது, மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பச்சைமலை ஓட்டத்தையும் கொடிவேரிக் குளியலையும் எழுதலாம் என்றுதான் இருந்தேன். கார்த்திகையில் பட்டாளத்து சார் போய்விட்டார். அதற்கப்புறம் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் அவர்தான் வந்து நிற்கிறார்.

அவருக்கு நாம் எல்லோரும் தம்பிதான். ஆறாம் வகுப்புப் பொடியனும் தம்பி, மீசை முளைத்த பிளஸ் டூ மாணவனும் தம்பி. அதன் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 1780இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் ஒருவரையொருவர் தம்பி என்றே கூப்பிடுவார்களாம். 1962இல் சீனப் போர் முடிந்த கையோடு ஆள் எடுத்தபோது பெங்களூர் போய் அந்தப் படையில் சேர்ந்தவர் அவர். பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, உடற்கல்விப் பயிற்சியும் முடித்து நம் பள்ளிக்கு வந்தார். அந்த ஒரு வார்த்தையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு சனிக்கிழமை. என்.சி.சி. பரேடு முடிந்து பூரி கிழங்கு கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் பூரி என்பது தீபாவளிக்கும் நோம்பிக்கும்தான். அப்பா தறிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நாலு பூரியில் ரெண்டைத் தின்றுவிட்டு, மீதி ரெண்டை என் தங்கச்சிக்காகக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கலையும் முன் மறுபடி வரிசையில் நிறுத்தினார் இல்லையா, அப்போது என் முன்னால் வந்தவர் அப்படியே நின்றார். காக்கித் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் ஊறியிருந்தது.

"பையில என்ன தம்பி? எடு வெளிய."

எடுத்தேன். நசுங்கி, துணிச்சாயம் ஒட்டிய ரெண்டு பூரி. நாற்பது பேரும் சிரித்தார்கள். யூனிஃபார்மைப் பாழாக்கியதற்காக மைதானத்தை ஐந்து சுற்று ஓடவிட்டார். பூரி அங்கேயே மண்ணில் கிடந்தது. அன்று முழுக்க நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் நிற்கும்போது என்னை ஓரடி முன்னால் வரச் சொன்னார். இன்னும் என்னவோ என்று எனக்குக் கை நடுங்கியது. "போன வாரம் இந்தத் தம்பியைக் காரணம் கேக்காம நான் ஓடவிட்டேன். அது என் தப்பு" என்றார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. பரேடு முடிந்ததும் சைக்கிள் பக்கம் கூப்பிட்டு, பழைய செய்தித்தாளை நாலாகக் கிழித்து, பூரியை அதில் வைத்து மடிக்கச் சொல்லிக் கொடுத்தார். நாலு மூலையையும் உள்ளே மடித்துச் செருகிவிட்டால் எண்ணெய் கசியாது. அதே மாதிரி ஒரு பொட்டலம் அவருடைய காரியர் பெட்டியிலும் இருந்தது. "நானும் ஊட்டுக்குத்தான் தம்பி கொண்டு போறேன்" என்றார். அதுவரை அவர் எங்களோடு உட்கார்ந்து பூரி தின்று ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மத்தியான மணி அடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறப்பாரே, ஏன் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் வீட்டம்மாவுக்கு முடக்குவாதம். கைவிரல் பத்தும் மடங்கிப்போய்விட்டன. காலையில் சமைத்து வைத்துவிட்டு வருவார், மத்தியானம் போய் ஊட்டிவிட்டு இரண்டாம் மணிக்குள் திரும்பிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தகை பிழிய ஒத்தாசைக்கு வரச் சொன்னார். வெந்த மாவு சூடு ஆறுவதற்குள் பிழிந்தாக வேண்டும், ஒற்றை ஆளால் முடியாது. நான் போனபோது திண்ணையில் அந்த அம்மா உட்கார்ந்திருக்க, பின்னால் முட்டி போட்டு அவர் ஜடை பின்னிக்கொண்டிருந்தார். மூன்று கால் பிரித்து, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, நுனியில் ரிப்பன் முடிச்சுப் போட்டார். "பாலம் கட்டறப்ப கத்துக்கிட்ட முடிச்சு தம்பி, அவுறாது" என்றார். அந்த அம்மா முகத்தில் அத்தனை வெட்கம். பக்கத்தில் அவர்களுடைய சின்ன மகள் தன் முறைக்கு ரிப்பனோடு நின்றுகொண்டிருந்தாள்.

போரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. 1971 போரில் கிழக்கு பாகிஸ்தானில் 93,000 பேர் சரணடைந்த கதையைச் சொல்லச் சொல்லி ஒரு டிசம்பர் 16 அன்று நாம் பிடுங்கி எடுத்தபோது, அவர் இருந்தது மேற்கே பாகிஸ்தான் எல்லையில் ஷகர்கர் பக்கம் என்றார். ராத்திரியில் குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்திக் கண்ணிவெடி தேடுவது. செங்குத்தாகக் குத்தினால் வெடித்துவிடும். துப்புரவான தடத்துக்கு இருபுறமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும், பின்னால் டாங்கிகள் அந்த வழியாகத்தான் வரும். பசந்தர் ஆற்றுப் பக்கம் 21 வயதில் இறந்து பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்ரபாலைப் பற்றியும் அன்றுதான் கேட்டோம். "சரணடைஞ்சவங்க எத்தனைன்னு புஸ்தகத்துல இருக்குது. அன்னிக்குக் கால் போன எங்க தம்பிக ரெண்டு பேரு பேரு எனக்குத் தெரியும்" என்றார். பேரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு டிசம்பர் 16ம் அவர் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்று பின்னால் அவர் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது 2011இல். அவர் வீட்டம்மா போய் இரண்டு வருஷமாகியும் திண்ணையில் அவர் பாதி இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். மெல்பர்னில் எனக்கு என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார். அப்புறம், "உங்கம்மாகூட எத்தன நாள் இருந்தீங்க?" என்று கேட்டார். இப்போது 'ங்க' போட்டுப் பேசினார். நாலு நாள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், வறுத்த நிலக்கடலையைச் செய்தித்தாளில் வைத்து, நாலு மூலையையும் செருகி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "அம்மாவுக்குக் குடுங்க தம்பி." அம்மாவைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு ஏர்போர்ட் போகிற வழியில்தான் நான் அங்கே இறங்கியிருந்தேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பொட்டலம் என்னோடு கோயமுத்தூரில் விமானம் ஏறியது.

அடக்கத்துக்கு எனக்குப் பதிலாகத் தங்கச்சி திருப்பூரிலிருந்து போனாள். பழைய பட்டாளத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் வயதாகிவிட்டது, வாசலில் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்களாம். போனில் சொல்லும்போதே அழுதாள். "அண்ணா, நீ கொண்டாந்து குடுப்பியே, அந்தக் காயிதத்துல பூரி எண்ணெ வாசம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்குது" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "எப்ப வர்றே?" என்றாள்.

தையில் பார்க்கிறேன் என்றேன். இதை எழுதும்போது மாசி பிறந்துவிட்டது.