பிள்ளைகளுக்கு அக்காவாகிப் போனேன்

பெரு நாட்டுக்கு ஊழியத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆண்டிஸ் மலையிலுள்ள ஆயாகுச்சோ ஊரில், கெச்சுவா என்ற பழங்குடி மொழி பேசும் சபைகளோடு இருக்கிறோம். குளிர், குக்கர் இல்லாமல் வேகாத பருப்பு எல்லாம் பழகிவிட்டது. எங்களைப் பாடாய்ப் படுத்தியது இனிஷியல்தான்.

இங்கே எல்லாருக்கும் இரண்டு குடும்பப்பெயர்: முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. கல்யாணமானாலும் பெண்கள் மாற்றுவதில்லை. எங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இவருக்கு என் மாமனார் பெயர். எனக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இவர் பெயர். நம் ஊரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்குள்ளவர் கண்ணுக்கு நான் இவருடைய மூத்த மகள்.

வந்த வருடமே குடியிருப்பு அட்டைக்காக லீமா போனோம். பத்து மணிநேரப் பேருந்து. வழியில் 4,700 மீட்டருக்கு மேல் ஒரு கணவாய். சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அங்கே இன்டர்போல் என்ற சர்வதேசப் போலீஸ் அலுவலகத்தில் எங்கள் பத்து விரல் ரேகையும் எடுத்தார்கள். அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லிப் பல் பல்லாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். என் கடைவாயில் அடைத்த பல்லுக்குக்கூட ஒரு குறி.

சிக்கல் வேறொரு கவுண்டரில். அங்கிருந்தவர் என் பாஸ்போர்ட்டையும் பிள்ளைகளுடையதையும் அடுக்கி வைத்து, "எர்மானா?" என்றார். சபையில் என்னை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், சகோதரி என்று. எனக்கோ அப்போது அரைகுறை ஸ்பானிஷ். விசுவாசி போலிருக்கிறது என்று பூரித்துப்போய், "சி, எர்மானா" (ஆமாம், சகோதரி) என்றேன். அவர் கேட்டது, பிள்ளைகளுக்கு அக்காவா என்று. அப்படியே டைப் செய்துவிட்டார். "அம்மாவின் சம்மதக் கடிதம் எங்கே?" என்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அதைத் திருத்த ஐந்து வாரம். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஊரிலேயே அப்போஸ்தில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும் அரசுச் சான்று, வாங்கியிருந்தோம். 2010 முதல் பெருவிலும் அது செல்லும். ஆனால் ஸ்பானிஷில் மொழிபெயர்த்தவர் பின்பக்கம் ஒட்டியிருந்த அப்போஸ்தில் ஸ்டிக்கரை விட்டுவிட்டார். மறுபடி பணம், மறுபடி வரிசை. கடைசியில் இந்தியத் தூதரகத்தில், தமிழர் பெயர் வைக்கும் முறையை விளக்கி ஒரு கடிதம் வாங்கினோம். அரைப் பக்கம்தான். லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

வரப்போகிற குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் அம்மா பெயர் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று கிளம்புமுன்பே பார்த்துவிடுங்கள். எங்களை அதுவும்தான் காப்பாற்றியது.

அட்டையை வருடா வருடம் நீட்டிக்க வேண்டும். போன மாதம் போனபோது கவுண்டரில் ஒரு புதுப் பெண். என் அட்டையைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். "உங்கள் அப்பாவா?" என்றாள். பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன்.