டிம் குக்கின் ஊதியமும் அதன் அடிக்குறிப்புகளும்

ஆண்டுதோறும் ஜனவரியில், பங்குதாரர் கூட்டத்துக்கு முன்பாக ஆப்பிள் நிறுவனம் வெளியிடும் ப்ராக்ஸி அறிக்கையை, அதாவது வாக்கெடுப்புக்கு வருபவற்றையும் நிர்வாகிகளின் ஊதியத்தையும் விளக்கும் ஆவணத்தை, படிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். மறுநாள் செய்திகளில் அதிலிருந்து ஒரே ஓர் எண்தான் வரும்: டிம் குக் சென்ற ஆண்டு இத்தனை கோடி டாலர் சம்பாதித்தார் என்பது. அந்த எண் பொய்யன்று; ஆனால் அவர் கைக்கு வந்த பணமும் அன்று. அமெரிக்க விதிகளின்படி, பங்கு ஒதுக்கீடு எந்த ஆண்டில் வழங்கப்படுகிறதோ அந்த ஆண்டின் ஊதியத்திலேயே, வழங்கிய நாளின் மதிப்பில், முழுவதும் எழுதப்பட்டுவிடுகிறது. அது கைக்கு வருவது எப்போது, வரும்போது பங்கின் விலை என்ன என்பதெல்லாம் சில பக்கங்கள் தள்ளி வேறோர் அட்டவணையில் இருக்கும்.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு 2011-ஐ விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் விலகிக் குக் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற அந்த ஆண்டில் அவருக்கு 10 லட்சம் பங்குகள் ஒதுக்கப்பட்டன. அட்டவணையில் அவருடைய மொத்த ஊதியம் சுமார் 37.8 கோடி டாலர் என்று பதிவாயிற்று. பத்தாண்டுகள் பணியில் நீடித்தால்தான் அது முழுவதும் சேரும் என்பது நிபந்தனை. 2013-ல், குக்கே கேட்டுக்கொண்டதன்பேரில், அதில் ஒரு பகுதி எஸ் அண்ட் பி 500 என்ற பங்குக் குறியீட்டிலுள்ள பெரிய அமெரிக்க நிறுவனங்களோடு ஒப்பிட்டு ஆப்பிள் பங்கு எப்படி ஏறி இறங்கியது என்பதோடு பிணைக்கப்பட்டது. இதற்கிடையே 2014-ல் ஒரு பங்கு 7 ஆகவும், 2020-ல் ஒவ்வொன்றும் 4 ஆகவும் பிரிக்கப்பட்டதால், 2011-ன் ஒரு பங்கு 28 பங்குகளாகியிருந்தது. 2021 ஆகஸ்டில் இறுதித் தவணையாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகள் வந்தபோது, அந்தத் தவணை ஒன்றின் மதிப்பே சுமார் 75 கோடி டாலர். ஊரெல்லாம் 37.8 கோடியைப் பார்த்து மலைத்துக்கொண்டிருந்தபோது, உண்மையான தொகை அதைவிடப் பல மடங்காக வளர்ந்துகொண்டிருந்தது.

அதே 2021-ல் புதிய ஒதுக்கீடும் சேர்ந்து மொத்த ஊதியம் 9.87 கோடி டாலராயிற்று. ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தோடு (எல்லோரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் ஊதியத்தோடு) ஒப்பிட்டால் அது 1,447 மடங்கு. 2022 பங்குதாரர் கூட்டத்தில், நிர்வாகிகளின் ஊதியத் திட்டத்தை எதிர்த்து வாக்களிக்குமாறு ஐ.எஸ்.எஸ். என்ற வாக்கு ஆலோசனை நிறுவனம் பரிந்துரைத்தது. அத்திட்டத்துக்கு ஆதரவு சுமார் 64 விழுக்காடாகச் சரிந்தது. அந்த வாக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது, வெறும் கருத்துரைதான். ஆயினும் பெரிய நிதி நிறுவனங்களின் கையில் பங்குகள் குவிந்துள்ள இடத்தில் மூன்றில் ஒரு பங்கு எதிர்ப்பு என்பது கன்னத்தில் விழுந்த அறைக்குச் சமம்.

விளைவாக, 2023-க்கான இலக்கு ஊதியம், அதாவது இலக்குகள் சரியாக எட்டப்பட்டால் கிடைக்க வேண்டிய தொகை, குக்கின் பரிந்துரையையும் கருத்தில்கொண்டு, 4.9 கோடி டாலராகக் குறைக்கப்பட்டது. செய்தித்தாள்கள் பாராட்டின. ஆனால் அந்த ஆண்டு முடிந்து வந்த அட்டவணையில் 6.32 கோடி என்றிருந்தது. முதலில் எனக்கும் தலை சுற்றியது. தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே விளங்கிற்று. சம்பளம் 30 லட்சம், அதில் மாற்றமில்லை. ரொக்க ஊக்கத்தொகைக்கு இலக்கு 60 லட்சம். விற்பனையும் லாபமும் இலக்கை மிஞ்சியதால் ஒரு கோடிக்கு மேல் கிடைத்தது. பங்கு ஒதுக்கீட்டின் இலக்கு 4 கோடி. அதில் நான்கில் மூன்று பங்கு செயல்திறனைச் சார்ந்தது என்பதால், இலக்குக்கும் மேலாகக் கிடைக்கக்கூடிய வாய்ப்புக்கும் கணக்கியல் ஒரு மதிப்பு வைக்கிறது. ஆகவே அது சுமார் 4.7 கோடியாகப் பதிவாயிற்று. எஞ்சியவை பாதுகாப்பு, தனி விமானம் போன்றவை. பாதுகாப்புக் காரணங்களுக்காக அவர் சொந்தப் பயணத்துக்கும் தனி விமானத்தையே பயன்படுத்த வேண்டும் என்பது இயக்குநர் குழுவின் கட்டளை. அதன் செலவு அவருடைய ஊதியத்தில் ஏறுகிறது.

குறைப்பைவிட என் கண்ணில் நின்றது, அந்தக் குறைப்பை அறிவித்த அறிக்கையின் இன்னொரு வரி. இனிவரும் ஆண்டுகளில் குக்கின் இலக்கு ஊதியத்தை ஒப்பீட்டு நிறுவனங்களின் 80-க்கும் 90-க்கும் இடைப்பட்ட விழுக்காட்டு நிலையில், அதாவது அவற்றில் நூற்றுக்கு 80 முதல் 90 வரையிலானவற்றின் ஊதியத்தைவிட மேலாக, வைக்கப்போவதாக இயக்குநர்களின் ஊதியக் குழு கூறியிருந்தது. ஆப்பிளின் அளவுக்கு அது நியாயமாகவே தோன்றலாம். ஆனால் ஒப்பீட்டுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் தன் தலைவர் சராசரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தால், யாரும் தவறு செய்யாமலே எல்லோருடைய ஊதியமும் ஏறிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் முடிவு செய்யும் இயக்குநர்களுக்கு என்ன கிடைக்கிறது? ஆப்பிளில் ஊழியரல்லாத இயக்குநருக்கு அந்த ஆண்டுகளில் 1 லட்சம் டாலர் ரொக்கமும் 2.75 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகளும் அடிப்படை. குழுத் தலைமை வகித்தால் கூடுதல் தொகை உண்டு. குக்கும் இயக்குநர்தான், ஆனால் அதற்கென்று தனி ஊதியம் அவருக்கு இல்லை. செயல்திறன் நிபந்தனைகள் இயக்குநர்களின் பங்குகளுக்குக் கிடையாது. அது சரியே என்பது என் எண்ணம்: கண்காணிக்க வேண்டியவருக்கும் அதே இலக்கை வைத்தால், கண்காணிப்பு யாருக்காக? கேட்டுப் பெற்றால், நிறுவனம் அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு புதிய பொருளிலும் ஒன்று இலவசம் என்றும் அறிக்கை சொல்கிறது. அந்த ஐபோனின் விலையும் அடிக்குறிப்பு ஒன்றில் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நிர்வாகிகளின் ஊதியத்துக்கு உள்ள கருத்துரை வாக்கோ இயக்குநர்களின் ஊதியத்துக்கு இல்லை. பிடிக்காத பங்குதாரர், அவர்களை மறுபடி தேர்ந்தெடுக்கும் தீர்மானத்தில்தான் எதிர்த்து வாக்களிக்க வேண்டும்.