பென்சில் லூர்: ஈயம் உட்காரும் இடம்

சிடார் கட்டையில் செதுக்கிய 11 செ.மீ. பென்சில் (நீர்மேல் மிதந்து மீனை ஏமாற்றும் குச்சி வடிவப் பொய் இரை, அதாவது லூர்) ஒருவழியாகச் சரியாக நடக்கிறது. தூண்டில் கோலின் (ராட்) நுனியை லேசாகத் தட்டி லைனைத் தளர விட்டால் இடப்பக்கம் சறுக்குகிறது, மறுபடி தட்டினால் வலப்பக்கம். ஒன்று நடந்தால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஒரே பலகையில் அறுத்த மூன்றும் ஒரே கோணத்தில் மிதந்து ஒரே மாதிரி நடப்பதுதான் இந்தத் தடவை கிடைத்த வெற்றி. அதற்குக் காரணம் செதுக்கியதோ பெயின்ட்டோ இல்லை (பெயின்ட் இன்னும் அடிக்கவே இல்லை). ஈயத்தின் எடையையும் அது உட்காரும் இடத்தையும் கணக்குப் போட்டு முடிவு செய்ததுதான். அதனால் மற்றதையெல்லாம் சுருக்கி, அதை விரிவாக எழுதுகிறேன்.

கட்டை 25 × 25 × 115 மி.மீ. சதுரமாக இருக்கும்போதே மையக்கோடு போட்டு, ஈயத் துளை தவிர மற்ற துளைகள் எல்லாவற்றையும் போட்டுவிட வேண்டும். உருட்டிய பிறகு டிரில் பிட் நேராக இறங்காது. பிறகு பக்க வடிவம், மேல் வடிவம், எட்டுப்பட்டை, பதினாறு பட்டை, 80-லிருந்து 400 வரை உப்புத்தாள். அதிகபட்ச விட்டம் 20 மி.மீ., அது நடுவுக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. கடைசல் இயந்திரம் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்.

அறுத்த கட்டைகளை முதலில் எடை போடுங்கள். சிடாரின் அடர்த்தி ஒரே பலகைக்குள்ளேயே மாறும். இந்த அளவுக் கட்டையின் கன அளவு ஏறத்தாழ 72 கன செ.மீ. அடர்த்தி 0.38 என்றால் 27 கிராமுக்குச் சற்று மேல் வரும். செதுக்கி முடித்த உடலோ 22.5 கன செ.மீ. தான். ஆக, கட்டையில் 1 கிராம் வித்தியாசம் இருந்தால் முடிந்த லூரில் 0.3 கிராம் வித்தியாசம் தங்கும். ஒரு கிராமுக்குள் பொருந்துகிற கட்டைகளை மட்டும் ஒரு செட்டாக எடுத்துக்கொண்டால் பின்னால் வரும் தலைவலி பாதி குறையும். பால்சாவில் இந்த வேறுபாடு இன்னும் மோசம். இரண்டு கட்டைகள் பார்க்க ஒன்றாக இருக்கும், எடையில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு வரும்.

கம்பி 1.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ், மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டு. அடிவயிற்றில் 11 மி.மீ. ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு, பேரல் ஸ்விவல் (அடிவயிற்று ஹூக்கைத் தாங்கும் சுழல் இணைப்பு) கோத்த கம்பியை அதில் இறக்க வேண்டும். இந்தக் கம்பிக்கு ஒரு குறிப்பு: சுருளாக விற்கும் கம்பியை வாங்கி நிமிர்த்திக்கொண்டிருக்காதீர்கள். வெல்டிங் சாமான் விற்பவர்களிடம் 316 எல் டிக் ஃபில்லர் ராடு நேராகவே கிடைக்கும். நுனியில் கண் (வளையம்) வளைக்கவும் சுலபம், உப்புத் தண்ணீரையும் தாங்கும்.

பிளவை எபாக்சி ஊற்றி நிரப்புவது எல்லோரும் செய்வதுதான், ஆனால் அங்கேதான் லூருக்கு லூர் எடை மாற ஆரம்பிக்கிறது. 1.5 மி.மீ. அகலப் பிளவு முழுவதும் எபாக்சி நின்றால் 2 கிராமுக்கு அருகில் வரும். அதே இடத்தில் மரம் இருந்தால் 0.6 கிராம்தான். ஒரு கிராமுக்கு மேல் கூடுதல் எடை, அதுவும் கட்டைக்குக் கட்டை வேறு அளவில். அதே பலகையில் மெல்லிய சீவல் ஒன்றை இழைத்து, பசை தடவி, பிளவில் அடித்து இறக்கிவிடுவது நல்லது. நார் ஓட்டமும் ஒத்துப்போகும், உப்புத்தாள் போடும்போது மேடு பள்ளமும் வராது.

இனி ஈயம்.

முதலில் கன அளவை அளக்க வேண்டும். சீலர் (மரத்துக்குள் தண்ணீர் ஏறாமல் அடைக்கும் பூச்சு) காய்ந்து, ஹூக், ஸ்பிளிட் ரிங் எல்லாம் மாட்டிய லூரை எடுத்துக்கொள்ளுங்கள். லூர் முங்கும்போதும் வழியாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றிய ஜாடியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய ஊசியால் லூரை முழுவதும் மூழ்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். லூர் ஜாடியின் அடியிலோ சுவரிலோ படக் கூடாது. தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் அதன் கன அளவு. 0.1 கிராம் காட்டும் தராசு போதும். பச்சை மரத்தை இப்படி மூழ்கவைக்க வேண்டாம். அது தண்ணீர் குடித்து எடை ஏறும், அளவும் பொய்யாகும், நார் வேறு எழும்பி நிற்கும். சாண்டிங் சீலரில் மூன்று முறையாவது முக்கிக் காயவைத்த பிறகுதான் தண்ணீர்.

இந்த பென்சிலின் கணக்கு: மரம் 8.5, கம்பி 1.2, ஸ்விவல் 0.5, ரிங்கோடு சேர்த்து இரண்டு டிரெபிள் ஹூக் (மும்முனைக் கொக்கி) 4, மொத்தம் 14.2 கிராம். ஹூக்கும் சேர்ந்த கன அளவு 23. மீதி 8.8 கிராம் மிதப்பு. கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும் என்று வைத்தால், 4.5 கிராம் மிதப்பை விட்டுவிட்டு மீதி 4.3 கிராமை ஈயத்துக்குக் கொடுக்கலாம். அந்த ஐந்தில் ஒரு பங்கு என்பது என் ருசி. அதைவிடக் குறைத்தால் மீன் விரட்டும்போது எழும் சின்ன அலையிலேயே மூக்கு முங்கும். கூட்டினால் காற்றில் பறக்கும், வீச்சும் போகாது.

எடை தெரிந்துவிட்டது. எங்கே வைப்பது? துளை போடாமல் வெளியே கட்டிப் பாருங்கள். ஈயக் கம்பியை அரை கிராம் துண்டுகளாக வெட்டி, அடிவயிற்றில் ரப்பர் பேண்டு போட்டு நகர்த்தி நகர்த்தி மிதக்க விடலாம். வாலிலிருந்து 40 மி.மீ. நல்ல தொடக்கம். அங்கிருந்து 5 மி.மீ. பின்னால் தள்ளினால் மொத்த எடையின் மையம் 1 மி.மீ. தான் நகரும், ஆனால் மிதக்கும் கோணம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறிவிடும். அதனால்தான் குத்துமதிப்பாகத் துளை போட்டால் லூருக்கு லூர் குணம் மாறுகிறது.

கோணம் செங்குத்தாகும்போது லூர் நின்ற இடத்திலேயே தலையைத் திருப்பும். சறுக்கும் தூரம் குறையும். படுக்கையாக ஆகும்போது ஒரு தட்டுக்கு நீளமாகச் சறுக்கும், ஆனால் லைனைத் தளர விடும் நேரம் பிசகினால் நேராக வந்துவிடும். தாமரை இலைகளுக்கு நடுவே விராலுக்கு வீசுவதானால் செங்குத்தை விரும்புவேன், சின்ன இடைவெளியிலேயே நிறைய வேலை காட்டலாம். திறந்த நீரில் கொடுவாய்க்குப் படுக்கைதான் சரி. இந்த மூன்றும் 30 டிகிரிக்கு அருகில் மிதக்கின்றன, இரண்டுக்கும் நடுவே.

பலர் விட்டுவிடும் ஒரு விஷயம்: வெளியே கட்டிய ஈயமும் தண்ணீரை இடம்பெயர்க்கிறது. ஈயத்தின் அடர்த்தி 11.3, வெளியே தொங்கும் 4.5 கிராம் ஈயம் தண்ணீருக்குள் 4.1 கிராமாகத்தான் இழுக்கும். அதே ஈயம் உள்ளே போனால் தன் முழு எடையையும் காட்டும், துளையில் எடுத்த மரத்தின் எடை மட்டும் கழியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வெளியே 4.5 கிராமில் கிடைத்த மிதப்பு உள்ளே 4.25 கிராமிலேயே கிடைத்துவிடும். அதாவது, சோதித்த எடையில் 6 சதவீதம் குறைத்து உள்ளே வையுங்கள். இன்னொன்று, வெளியே கட்டியபோது எடை உடலுக்கும் கீழே இருந்தது. உள்ளே போனதும் சற்று மேலே வந்துவிடும், உருளாமல் நிற்கும் பலம் கொஞ்சம் குறையும். ஆகவே துளையை அடிவயிற்றிலிருந்தே போட்டு, ஈயத்தை முடிந்தவரை தோலை ஒட்டி வைக்க வேண்டும். 8 மி.மீ. விட்டத் துளையில் 4.25 கிராம் ஈயம் 7.5 மி.மீ. உயரம் நிற்கும், ஆழம் 8.5 போதும், மேலே 1 மி.மீ. எபாக்சி மூடல். கம்பி 10 மி.மீ.க்கு அந்தப் பக்கம் ஓடுவதால் இடிக்காது.

உருக்கிய ஈயத்தை நேரடியாகத் துளையில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடலாம். மரம் கருகும், ஈரம் இருந்தால் ஆவி அடித்துத் தெறிக்கும், ஆறும்போது ஈயம் சுருங்கித் துளைக்குள் ஆட்டம் கொடுக்கும். குண்டைத் தட்டி உருட்டிச் சீவி, எடை பார்த்து, எபாக்சியில் ஒட்டுவதே சுத்தம். சீவிய தூளைக் கூட்டி எடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டங்ஸ்டன் கிடைத்தால் இன்னும் நல்லது, அடர்த்தி 19.3 என்பதால் துளை கிட்டத்தட்ட 40 சதவீதம் சிறிதாகும், எடையும் கீழேயே தங்கும்.

கடலுக்குக் கொண்டுபோவதானால் சோதனைத் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த எடைக்கு நல்ல தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் அரை கன செ.மீ. வித்தியாசம் வரும், மூக்கு அந்த அளவு கூடுதலாக எழும்பும். ஹூக்கை மாற்றினாலும் கணக்கு முழுக்க மாறும். மெல்லிய கம்பி ஹூக்கில் சோதித்துவிட்டு, பெரிய மீனுக்கென்று 4 எக்ஸ் ஹூக் மாட்டினால் அது வேறு லூர்.

மேல்பூச்சு லூரை அமுக்கிவிடும் என்று ஒரு பயம் உண்டு. பாதி உண்மைதான். எபாக்சி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், அதுவும் தன் பங்குக்குத் தண்ணீரை இடம்பெயர்க்கிறது. ஆகவே தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் ஏறிய 2 கிராம் பூச்சு ஏறக்குறைய எடையே இல்லாத மாதிரி. தண்ணீருக்கு மேல் நிற்கும் மூக்கில் படியும் பூச்சு மட்டும் முழு எடையோடு மூக்கை அழுத்தும். எனவே மூக்கில் மெல்லிசாகத் தடவி, வால் பக்கம் தாராளமாக விடலாம். சுழற்றும் மோட்டாரில் மாட்டும்போது எபாக்சி மூக்கை நோக்கி ஒழுகாதபடி படுக்கையாக மாட்ட வேண்டும். குமிழி வருவதற்கு பெரும்பாலும் கலக்கிய விதம் காரணமில்லை. அறை சூடாகும்போது மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வருவதுதான். வெப்பம் இறங்கத் தொடங்கும் மாலையில் பூசினால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. எபாக்சியின் 1:1 என்பது எடைக்கா, கன அளவுக்கா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். ரெசின் கனம், ஹார்டனர் லேசு, இரண்டும் ஒன்றாகாது.

ஓட்டிப் பார்க்கும்போது ஃப்ளூரோகார்பன் லீடர் (லைனுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் நரம்புத் துண்டு) வேண்டாம். அதன் அடர்த்தி 1.78, மூழ்கி மூக்கை இழுக்கும். லூர் சரியில்லை என்று நினைத்துத் துளையைத் தோண்டத் தோன்றும். நைலான் லீடர், லூப் முடிச்சு. மூக்குக் கண் மையத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் திரும்புவது சுலபமாகிறது. பிளாஸ்டிக் பென்சில்களில் எல்லோரும் அளவுகோலாக வைக்கும் ஹெட்டனின் ஸாரா ஸ்பூக்கிலும் கண் தாடைக்கு அடியில்தான் இருக்கும். அதற்கு முன்னோடியான ஸராகோஸா மரத்தில் கடைந்தது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மூன்றுக்கும் வெள்ளை பேஸ் கோட்டுக்கு மேல் நிறம் இன்னும் முடிவாகவில்லை. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு அடிவயிறு மட்டும்தான் தெரியும், முதுகில் எத்தனை செதில் வரைந்தாலும் அது நமக்குத்தான். அதற்குள் அடுத்த கட்டைகள் அறுத்தாகிவிட்டன: 20 மி.மீ. முகத்தில் 4 மி.மீ. ஆழக் குழியோடு பாப்பர் (குழிந்த முகத்தால் தண்ணீரைத் தெறிக்கவிடும் லூர்). குழி குறுக்குவெட்டு மரத்தில் வருவதால் அங்கேதான் தண்ணீர் முதலில் ஏறும். சீலரை முக்குவதற்கு முன்பே குழியில் மெல்லிய சூப்பர் குளூவை ஊறவிடப்போகிறேன். ஈயக் கணக்கு அதே முறைதான், ஆனால் முகத்தின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் நிற்க வேண்டும் என்பதால் 40 மி.மீ. என்ற தொடக்கம் அங்கே பொருந்தாது. ரப்பர் பேண்டோடு மறுபடி ஜாடிப் பக்கம்தான் போக வேண்டும்.