அப்பாவோட பைபாஸும் பேரு தெரியாத ஒரு சுகர் மாத்திரையும்

அப்பாவுக்கு பைபாஸ் முடிஞ்சு இன்னிக்கு பத்தாவது நாள், இப்பதான் உக்காந்து எழுத முடியுது. ஆஞ்சியோ, ரத்தம் ஏற்பாடு பண்றது எல்லாம் சிக்கலில்லாம முடிஞ்சிருச்சு. எங்கள அலைய விட்டது மயக்க டாக்டர்கிட்ட வாங்க வேண்டிய பிட்னஸ்தான், அதாவது ஆபரேஷன உடம்பு தாங்கும்னு குடுக்கற சர்டிபிகேட்.

திண்டுக்கல்லில இருந்து காலைல அஞ்சு மணி பஸ்ஸ புடிச்சு மதுரை போனா, கவுன்டர்ல இருந்தவரு "சுகர் மாத்திரை சீட்டு எங்க?"ன்னாரு. சீட்டு தொலைஞ்சு வருசமாச்சு, அப்பா கடையில அட்டைய காட்டியே வாங்கிக்குவாரு. அந்த அட்டையவும் ஒவ்வொரு மாத்திரையா கத்தரிச்சு டப்பால போட்டு வைக்கிற பழக்கம், கையில இருந்த துண்டுல பேரோட கடைசி ரெண்டு மூணு எழுத்துதான் மிச்சம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க சார்னு கெஞ்சினேன், அவரு நிமிர்ந்துகூட பாக்கல. நெஞ்சுவலி இருக்கற மனுசன மறுபடி பஸ் ஏத்தி கூட்டிட்டு வந்தேன், இன்னும் ஆறல எனக்கு.

மறுநாள் முழு அட்டையோட போனோம். மயக்க டாக்டர் மேடம் பாத்ததும் "கிளிபென்கிளாமைடா? இத நிறுத்திட்டு இன்சுலினுக்கு மாத்திருவோம்"னாங்க. ஏன்னு கேட்டேன், பொறுமையா சொன்னாங்க. ரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் நின்னு நின்னு வந்தா இதயம் அடுத்த பெரிய அடைப்ப தாங்கப் பழகிக்குதுன்னு 1986ல நாய்கள்ல கண்டுபிடிச்சாங்களாம், செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் மாதிரி மயக்க வாயுவும் அதே பாதுகாப்ப தூண்டி விடுது, அதுக்கு இதய செல்லுல பொட்டாசியம் போய் வர்ற வாசல் மாதிரி இருக்கற பொட்டாசியம் சேனல் திறக்கணும், இந்த மாத்திரை அந்த சேனலயே அடைச்சிரும்.

அப்ப வாயுதான் குடுக்கணும்னு அடம் புடிக்கலாமான்னு கேட்டேன். வேணாம்னாங்க. 2019ல வந்த மிரியட் ஆய்வுல 13 நாட்டுல 5400 பைபாஸ் பேஷண்டுக்கு வாயுவையும் ஊசி வழி மயக்கத்தையும் ஒப்பிட்டுருக்காங்க, ஒரு வருசத்துல இறந்தவங்க வாயுல 2.8 சதவீதம், ஊசி வழில 3 சதவீதம், பெரிய வித்தியாசமே இல்ல. ஆபரேஷன் முழுக்க பிரஷரையும் சுகரையும் கைக்குள்ள வச்சிருக்கறதுதான் முக்கியம், மருந்த எங்க கையில விட்ருங்கன்னாங்க. எனக்கு பாதி பயம் அங்கயே போயிருச்சு.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலைல மூச்சு டியூப எடுத்துட்டாங்க, இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறற ட்ரோபோனின் பயப்படற அளவுக்கு ஏறலன்னாங்க. கண்ணாடி வழியா அப்பா கைய ஆட்டினாரு.

போறவங்க எல்லா மாத்திரையையும் முழு அட்டையா எடுத்துட்டு போங்க, போன்லயும் போட்டோ எடுத்து வைங்க. எங்கப்பாவுக்கு நிறுத்துனாங்கன்னு நீங்களா எதையும் நிறுத்திராதீங்க, இதயத் துடிப்ப குறைக்கற பீட்டா பிளாக்கர் மாதிரி சிலத ஆபரேஷன் அன்னிக்கு காலைலகூட சாப்பிடச் சொல்லுவாங்க.