ஆன்லைனில் எம்.ஏ. தமிழ்: படித்தது 2 வருடம், இனிஷியலுக்கு அலைந்தது 4 மாதம்

போன வெள்ளிக்கிழமை மதியம் என் பணிப்பதிவேட்டில் எம்.ஏ. பதிவு ஏறியது. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்ததும் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். மனசு லேசானது. ஆனால் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. எங்கள் பள்ளியிலேயே இன்னும் 2 பேர் இந்த வருடம் சேரப் போவதாகச் சொல்கிறார்கள். நான் பட்ட பாடு அவர்களும் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியை. பி.ஏ. தமிழும் பி.எட்.டும் முடித்து வேலைக்கு வந்து 13 வருடம் ஆகிறது. முதுகலை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வர எம்.ஏ. வேண்டும். உயர்கல்விக்கு முன்பு கொடுத்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சோடு நின்றுவிட்டதால் சம்பளத்தை நினைத்துச் சேரவில்லை. பதவி உயர்வு ஒரு காரணம். சங்க இலக்கியத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்ற பழைய ஆசை இன்னொரு காரணம். வீட்டில் 2 பிள்ளைகள், மாமியாருக்கு முடியவில்லை. நேரடி வகுப்பு, வெளியூர்த் தேர்வு மையம் எதற்கும் வழியில்லை. அதனால் ஆன்லைன்.

முதல் தலைவலி முன் அனுமதி, அதாவது மேற்படிப்பில் சேரும் முன் கல்வித் துறையிடம் வாங்க வேண்டிய அனுமதி. அது வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பலர் முதலில் கட்டணத்தைக் கட்டிவிட்டு அப்புறம்தான் அனுமதிக்கு எழுதுகிறார்கள். நான் 2023 ஜூனில் பள்ளி திறந்த வாரமே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஜூலை போனது, ஆகஸ்ட் போனது, பதிலே இல்லை. பல்கலைக்கழகத்தில் சேரக் கடைசித் தேதி செப்டம்பர் 30.

செப்டம்பர் முதல் வாரம் அரை நாள் விடுப்பு போட்டு 2 பஸ் மாறி கல்வித் துறை அலுவலகம் போனேன். பிரிவு எழுத்தர் இருக்கையில் இல்லை. மறுபடி போனபோது இருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "அப்படி ஒரு கடிதமே வரல டீச்சர்" என்றார். திரும்பக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு அலையுறீங்க? நீங்க சேர்ந்துடுங்க, பின்னேற்பு வாங்கிக்கலாம்" என்றார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. அதே பேச்சை நம்பிச் சேர்ந்த பக்கத்துப் பள்ளி சார் ஒருவர் பின்னேற்புக்கு, அதாவது சேர்ந்த பிறகு தரும் அனுமதிக்கு, 2 வருடம் காத்திருந்தார். அதற்குள் அந்த வருடப் பட்டியல் போய்விட்டது. அவரைவிட இளையவர் மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் பள்ளிக்குத் திரும்பி அனுப்புகைப் பதிவேட்டைப் புரட்டினேன். என் கடிதம் போன தேதியும் எண்ணும் இருந்தன. அந்தப் பக்கத்தை நகலெடுத்து மூன்றாவது முறை போய், பிரிவுக்குப் போகாமல் நேராகத் தபால் பிரிவில் காட்டினேன். அங்கே இருந்த அம்மா 10 நிமிடத்தில் வரவு எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கடிதம் மாறுதல் விண்ணப்பக் கட்டோடு சேர்ந்து வேறு பிரிவில் 3 மாதமாகக் கிடந்திருக்கிறது. கண்காணிப்பாளரிடம் எண்ணைச் சொன்ன பிறகு கோப்பு நகர்ந்தது. செப்டம்பர் 22-ல் அனுமதி ஆணை கையில் வந்தது, 26-ல் கட்டணம் கட்டினேன். இந்த 4 நாள் இடைவெளிக்காகத்தான் அத்தனை அலைச்சலும். அனுமதித் தேதி முன்னால், சேர்ந்த தேதி பின்னால் இருக்க வேண்டும். அனுப்புகை எண்ணைக் குறித்து வைக்காமல் எந்தக் கடிதத்தையும் அனுப்பாதீர்கள்.

"ஆன்லைன் டிகிரி செல்லுமா?" என்று அங்கேயே ஒருவர் கேட்டார். அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் தரும் தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2022 செப்டம்பரில் விட்ட அறிவிப்பை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்து மேஜையில் வைத்தேன். படித்துப் பார்த்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டார், அப்புறம் கேட்கவில்லை. நீங்களும் ஒரு பிரதி வைத்திருங்கள். சேரும் முன் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அந்தக் கல்வியாண்டுக்கு யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தையும் அன்றே அச்செடுத்து வைத்துவிடுங்கள்.

பாடங்களைப் பற்றிக் குறையே இல்லை. பருவத்துக்கு 5 தாள், 4 பருவம். அகமதிப்பீடு 30, பருவத் தேர்வு 70. காணொளிகளை இரவு 10 மணிக்கு மேல்தான் பார்ப்பேன். சில பேராசிரியர்கள் அப்படியே பி.டி.எஃப்.ஐ வாசித்தார்கள். ஒருவர் மட்டும் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நடத்தியதை என்னால் மறக்க முடியாது. அதுவரை வல்லின ற, இடையின ர என்று பிள்ளைகளுக்குப் பெயரைத்தான் சொல்லிக் கொடுத்துவந்தேன். பிறப்பியலில் றகரத்துக்கு நுனிநாக்கு மேலே போய் அண்ணத்தை 'ஒற்ற' வேண்டும், ரகரத்துக்கு 'வருட' வேண்டும் என்று இருக்கிறது. இரண்டே சொல். அடுத்த நாள் ஆறாம் வகுப்பில் "நாக்கு மேலே ஒட்டுதா, தடவிட்டுப் போகுதா பாருங்க" என்று எல்லோரையும் சொல்ல வைத்தேன். மறம், மரம், அறம், அரம் என்று வகுப்பே கத்தியது. எப்போதும் 'பரவை' என்றே எழுதும் ஒரு பையன் வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒட்டுது டீச்சர்" என்று சொல்லி நோட்டில் அவனே ரகரத்தை அடித்து றகரம் போட்டான். இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

தேர்வு வேறு கதை. தமிழில் விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும். நான் செல்போனில் வேகமாகத் தமிழ் அடிப்பேன், கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு தட்டச்சு மென்பொருள் போட்டிருந்தேன், போதும் என்று நினைத்துவிட்டேன். மாதிரித் தேர்வு வைத்தார்கள். அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும் கொடுத்திருந்ததால் தட்டச்சுக்கு வேலையே வரவில்லை. முதல் தேர்வன்று பாதுகாப்பு பிரௌசர் திறந்ததும் என் மென்பொருளை மூடிவிட்டது. திரையில் அவர்கள் கொடுத்த விசைப்பலகையில் சுட்டியால் ஒவ்வோர் எழுத்தாக அழுத்த வேண்டியதாயிற்று. 'குறிஞ்சித்திணை' என்று எழுத அரை நிமிடம் ஆனது. 5 கட்டுரையில் மூன்றரைதான் எழுதினேன். விடை தெரிந்தும் எழுத முடியாமல் நேரம் முடிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கொடுமை.

அடுத்த பருவத்துக்குள் விண்டோஸிலேயே இருக்கும் தமிழ்99 விசைப்பலகையைப் பழகினேன். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'க' விசையை 2 முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்து 'க்க' ஆகிவிடும். 'ம'வை அடுத்துப் 'ப' அடித்தால் 'ம்ப'. இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும். ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. கேமரா நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தலையைக் குனிந்து விசையைப் பார்த்தால், நீங்கள் திரையைப் பார்க்கவில்லை என்று எச்சரிக்கை வரும். 3 எச்சரிக்கைக்கு மேல் போனால் தேர்வு முடக்கம். முதல் பருவத்தில் எனக்கு 2 வந்துவிட்டன, பயத்தில் கையே நடுங்கியது. ஏழாவது படிக்கும் என் மகன் தினமும் ராத்திரி என் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவான். அப்படியே ஒரு பக்கம் அடிக்க வேண்டும். சுமார் 40 நாள் இப்படிப் பழகினேன். இரண்டாம் பருவத்திலிருந்து எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை, எல்லா வினாவும் எழுதினேன். சேருபவர்கள் முதல் மாதத்திலேயே இதைத் தொடங்குங்கள். தேர்வு நேரத்தில் மின்சாரம் போனாலும் நெட் நிற்காதபடி ரூட்டரையும் இன்வெர்ட்டரில் கோத்து வையுங்கள்.

இனி இனிஷியல். பெண் ஆசிரியைகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து பணிப்பதிவேடு வரை எனக்கு அப்பா இனிஷியல், 'ம'. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டுக்காக ஆதாரில் கணவர் இனிஷியல் 'க' போட்டு மாற்றினோம். பல்கலைக்கழகத்தில் சேரும்போது ஏபிசி ஐடி, அதாவது மாணவரின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண், கேட்டார்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியில் 2 நிமிடத்தில் எடுத்தேன். அது ஆதாரிலிருந்து பெயரை எடுத்துக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் பருவ மதிப்பெண் பட்டியல் 'க'வோடு வந்தது. உடனே மின்னஞ்சல் அனுப்பினேன், புகார் எண் மட்டும் வந்தது. போன் செய்தால், "இறுதிச் சான்றிதழில் சரியாயிடும் மேடம்" என்றார்கள். அதை நம்பியது தப்பு. 2025 ஜூனில் தேர்வு முடிந்து ஆகஸ்டில் முடிவு வந்தது. செப்டம்பரில் தபாலில் வந்த தற்காலிகப் பட்டச் சான்றிதழிலும் 'க'. பணிப்பதிவேட்டில் 'ம', பட்டத்தில் 'க' என்றால் அலுவலகத்தைப் பொறுத்தவரை அவர் வேறு ஆள்.

இரவு பஸ் ஏறிப் பல்கலைக்கழகம் போனேன். காலை 10 மணிக்கு முதல் கவுண்டரில், "ஆன்லைன் மாணவர்களுக்கு நேரில் எதுவும் பண்றதில்ல, போர்ட்டல்ல போடுங்க" என்றார்கள். போர்ட்டலில் பெயர் திருத்தத்துக்கு இடமே இல்லை என்று செல்போனில் திறந்து காட்டினேன். மாடிக்கு அனுப்பினார்கள். மாடியில், பிரிவு அலுவலர் பட்டமளிப்பு விழா வேலையாகப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். எனக்கு நாளைக்கு வகுப்பு. 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளியிலிருந்து வருகிறேன் என்று சொல்லியும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மதியம் 3 மணிக்கு, தேநீர் குடிக்கப் போன ஓர் ஊழியர் அம்மாதான் நின்று பேசினார். "இங்க எவ்வளவு எழுதிக் கொடுத்தாலும் மாறாதும்மா. முதல்ல ஆதாரை மாத்து. டிஜிலாக்கர்ல பேர் மாறட்டும். அப்புறம் பத்தாவது மார்க் ஷீட், நோட்டரி உறுதிமொழி, 4 பருவ மார்க் ஷீட்டும் ஒரிஜினலா எடுத்துட்டு வா." இந்த நாலு வரியை ஒன்றரை வருடமாக ஒரு மின்னஞ்சலில் யாராவது எழுதியிருக்கலாம்.

ஆதார் திருத்தத்துக்கு 75 ரூபாய்தான். ஆனால் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும். நான் ஏற்கெனவே ஒரு முறை மாற்றியவள், இதோடு முடிந்தது. அதனால் மையத்தில் இருந்தவரிடம் திரையைத் திருப்பச் சொல்லி எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ஆதார், டிஜிலாக்கர், நோட்டரி எல்லாம் முடித்து நவம்பர் கடைசியில் மறுபடி இரவு பஸ். இந்த முறை பிரிவு அலுவலர் இருந்தார், எல்லாக் காகிதமும் இருந்ததால் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். டிசம்பர் 23-ல் திருத்திய சான்றிதழ் வந்தது. ஜனவரி 1 நிலவரப்படிதான் பதவி உயர்வுப் பட்டியல் எடுப்பார்கள். இன்னும் 10 நாள் தாமதமாகியிருந்தால் என் நிலைமையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சேருமுன் ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்பது வரை பாருங்கள். 2024-க்குப் பிறகு சேருபவர்களுக்கு யூஜிசியின் டெப் ஐடியும் (தொலைநிலை, ஆன்லைன் மாணவர்களுக்கான அடையாள எண்) வேண்டும், அதற்கு ஏபிசி ஐடிதான் அடிப்படை. அங்கே தப்பானால் எல்லா இடத்திலும் தப்பு. முதல் பருவ மதிப்பெண் பட்டியலிலேயே பெயரைப் பார்த்து, தப்பு இருந்தால் அன்றே திருத்த வேலையைத் தொடங்குங்கள். தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழையும் அதே பயணத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அதற்கென்று தனியாக ஒரு நாள் போக வேண்டாம்.

இன்னும் உண்மைத்தன்மைச் சான்று, அதாவது பட்டம் உண்மையானது என்று பல்கலைக்கழகம் தரும் சான்று, வர வேண்டும். பள்ளியிலிருந்து சான்றிதழ் நகலும் கட்டண வரைவோலையும் பதிவுத் தபாலில் போயிருக்கின்றன. அனுப்புகை எண்ணை என் டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 15 நாள் பார்ப்பேன். வரவில்லை என்றால் அந்த ஊழியர் அம்மாவைத்தான் தேடிப் போக வேண்டும். அன்று பேர் கேட்காமல் வந்துவிட்டேன்.