மாண்டலின், செல்லோ, டபுள் பாஸ்: ஒத்திகை நாட்குறிப்பு

ஜனவரி 8, நாஷ்வில்

பிப்ரவரி 1 கச்சேரிக்கு உருப்படிகள் முடிவாகிவிட்டன. முதலில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், பிறகு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி நடன மெட்டுகள், கடைசியில் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி. பாக் உருப்படி, ஆர்கனுக்கான ஆறாவது ட்ரியோ சொனாட்டா. வலக்கைக்கு ஒரு வரி, இடக்கைக்கு ஒரு வரி, கால் பெடலுக்கு ஒரு வரி என்று மூன்றே குரல்கள் என்பதால் பங்கீட்டில் சண்டையில்லை. மாண்டலின் கலைஞர் கிறிஸ் தீலி, செல்லோ கலைஞர் யோ-யோ மா, பாஸ் கலைஞர் எட்கர் மேயர் மூவரும் இதே மூன்று வாத்தியங்களில் இதை வாசித்த பதிவு 2017-ல் வந்தது.

பெடல் வரி பாஸுக்கு. நாலு தந்தி பாஸ் கீழ் ஈ என்ற சுரத்தோடு நின்றுவிடும். அதற்கும் கீழே வரி இறங்கினால், சி எக்ஸ்டென்ஷன் (தடித்த தந்தியைக் கீழ் சி வரை நீட்டும் இணைப்பு) வேண்டும். இல்லையென்றால் அந்த இசைத்தொடர் முழுவதையும் ஒரு ஸ்தாயி ஏற்ற வேண்டும். எட்டாத ஒரு சுரத்தை மட்டும் ஏற்றினால் வரி நொண்டும்.

ஜனவரி 11

இந்தக் கூட்டணியின் தலைவலியே நாதத்தின் நீளம்தான். மாண்டலினில் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்குகிறது. செல்லோவில் வில் ஓடும்வரை நிற்கிறது. ஒரே இசைத்தொடரை இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லும்போது செல்லோ மற்றதை விழுங்கிவிடும். சத்தத்தைக் குறைத்துப் பயனில்லை, சுரத்தின் வடிவம் மாற வேண்டும். வில்லை அழுத்தமாகத் தொடங்கி உடனே அழுத்தத்தை விட்டுவிட்டால், சுரம் தட்டிய தந்தி போலத் தானே மெலியும். ஒரு சுரத்துக்கு நாலு விரற்கடை வில் போதும்.

மாண்டலின் பக்கம் 1.5 மி.மீ. பிக் (மீட்டும் தகடு), முனை உருண்டது. மெல்லிய பிக்கில் சுரத்துக்கு முன் ‘டிக்’ என்ற ஒலிதான் கேட்கும். நீண்ட சுரத்தை நிரப்ப ட்ரெமலோ (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது) போடும் ஆசை வரும். போட்டால் பாக் இத்தாலிய உணவகத்துக்குப் போய்விடுவார்.

ஜனவரி 15

சுருதி. மாண்டலின் ஜி-டி-ஏ-ஈ, செல்லோ சி-ஜி-டி-ஏ. மாண்டலினின் மெட்டுகள் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகள்) சமப்படுத்திய சுருதியில், அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்துப் பதிந்தவை, அசைக்க முடியாது. செல்லோக்காரர் ஏ-யை வாங்கிக்கொண்டு சுத்த பஞ்சமமாகவே மற்றவற்றைக் கூட்டினால் சி தந்தி 6 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கிவிடும். அதன்மேல் மாண்டலினின் ஈ காந்தாரமாக வரும்போது சுத்தமான காந்தாரத்தைவிட 20 சென்ட் அகலம்; காதில் உறுத்தும். ஆகவே செல்லோவின் ஜி, சி இரண்டையும் மாண்டலினின் ஜி-யோடு ஒப்பிட்டே கூட்ட வேண்டும்.

மாண்டலினின் இரட்டைத் தந்திகள் தங்களுக்குள் 2 சென்ட் விலகினாலும் மேல் ஈ-யில் மெல்லிய அலை கேட்கும். டியூனர் பச்சை காட்டினால் போதாது, காது வேண்டும்.

ஜனவரி 20

புளூகிராஸில் டிரம் கிடையாது. பாஸ் 1, 3-ஆம் அடிகளிலும் மாண்டலின் ‘சாப்’ (கார்டைத் தட்டி உடனே அடக்குவது) 2, 4-ஆம் அடிகளிலும் சேர்ந்துதான் தாளம். புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவிலிருந்து வந்த வழக்கம். ஜி கார்டுக்கு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு), தடித்த தந்தியிலிருந்து 7, 5, 2, 3 மெட்டுகள். திறந்த தந்தி ஒன்றுகூட இல்லாததால், தட்டியதும் இடக்கை அழுத்தத்தைத் தளர்த்தினால் நாலும் ஒருசேர அடங்கும். விரலைத் தந்தியிலிருந்து எடுத்துவிடக் கூடாது, திறந்த தந்திகள் அலறும்.

மாண்டலின் தனி ஆவர்த்தனம் எடுக்கும்போது சாப் நின்றுபோகிறது. அந்த இடத்தைச் செல்லோ நிரப்ப வேண்டும்: வில்லை அடிப்பகுதியில் பிடித்து, மயிரைத் தந்திமேல் செங்குத்தாகப் போட்டு அங்கேயே நிறுத்துவது. மேலிருந்து வீசினால் துள்ளும். வில்லின் எடையே போதும்.

ஜனவரி 24

நடன மெட்டுகளைச் செல்லோ இரண்டு ஸ்தாயி கீழே வாசித்தால் ஒலி சேறாகக் கலங்கும். ஒரு ஸ்தாயி போதும்.

ஜனவரி 30

மாண்டலினுக்கும் செல்லோவுக்கும் சேர்த்து ஒரே மைக்: பெரிய டயஃப்ரம் கண்டென்சர், கார்டியாய்டு (முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் வாங்கும் வகை). மாண்டலின் 40 செ.மீ. தூரத்தில், செல்லோ அதன் இருமடங்கில். செல்லோக்காரர் உட்கார்ந்திருப்பதால் ஒலித்துளைகள் மைக்குக்கு மிகக் கீழே போகின்றன, 30 செ.மீ. மேடை போட்டோம். உள்ளே வெற்றிடமாக இருந்த மேடை சி தந்தியோடு சேர்ந்து முழங்கியது. உள்ளே கம்பளி அடைத்ததும் அடங்கியது. மானிட்டர் (வாசிப்பவர்களுக்கே ஒலியைக் கேட்கவைக்கும் ஸ்பீக்கர்) வைத்தால் இந்த மைக் ஊளையிடும், அதனால் வைக்கவில்லை. மூவரும் ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால் தேவையும் இல்லை.

பாஸுக்கு மட்டும் குதிரையருகே (தந்திகளைத் தாங்கும் கட்டை) தனி மைக். வில் போடும்போது அதன் அளவைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

பிப்ரவரி 1

ஹீட்டரால் அரங்கின் ஈரப்பதம் 25 சதவீதம். பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைத்து, மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் வாத்தியங்களை வெளியே எடுக்க வேண்டும். விளக்குச் சூட்டில் மாண்டலின் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும். முதல் உருப்படி முடிந்ததும் மறுபடி கூட்ட அரை நிமிடம் ஒதுக்கியாயிற்று. அந்த நேரத்தில் பாஸ்காரர் பேசுவார்.