வயிற்று டயாலிசிஸ்: ஊற்றிய தண்ணீர் எங்கே தங்குகிறது?

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தக் கழிவை அகற்ற, குழாய் வழியே வயிற்றுக்குள் திரவம் நிரப்பிப் பிறகு வடிப்பதுதான் வயிற்று டயாலிசிஸ். வீட்டிலேயே செய்யும் இதற்குப் பயிற்சி தரும்போது கை கழுவுவது, குழாயை அடைக்கும் கிளாம்பை மூடுவது, பை மாற்றுவது எல்லாம் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். உள்ளே போன 2 லிட்டர் திரவம் எங்கே தங்குகிறது என்று புரியாதவர்களுக்குத்தான் முதல் மாதம் சிரமம். சின்ன வலிக்கும் பதறிவிடுவார்கள்.

பலர் நினைப்பதுபோல் அது குடலுக்குள் போவதில்லை. வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் குடல், கல்லீரல் முதலியவற்றின் வெளிப்புறத்தையும் போர்த்திய மெல்லிய சவ்வுதான் பெரிட்டோனியம். அந்த இரு படலங்களுக்கும் இடையே வழக்கமாகக் கொஞ்சம் ஈரம் மட்டும் இருக்கும். அங்கேதான் திரவம் நிற்கிறது. சவ்விலுள்ள ரத்தக் குழாய்களிலிருந்து கழிவும் உபரி நீரும் அதற்குள் வருகின்றன.

வயிற்றில் பொருத்திய குழாயின் உள்நுனி இடுப்புக்குழியில் கிடக்க வேண்டும். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே. பெண்களுக்குக் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே, டக்ளஸ் பள்ளத்தில். உட்கார்ந்திருக்கும்போது திரவத்துக்கு அதுதான் ஆகத் தாழ்வான இடம். மல்லாந்து படுத்தால் ஒரு பங்கு கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவிலுள்ள மாரிசன் பள்ளத்துக்குப் போய்விடும். சோபாவில் சாய்ந்தபடி வடிப்பவர்களுக்குக் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிய சுமார் 20 நிமிடம், நிரப்ப 10 நிமிடம். 2 லிட்டர் போட்டு 1.5 லிட்டர்தான் வந்தது என்றால் குழாய் மடங்கியிருக்கிறதா, கிளாம்ப் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த கேள்வி, மலம் போய் எத்தனை நாளாயிற்று? நிறைந்த மலக்குடல் நுனியை நெருக்கும், சில நேரம் மேலே தள்ளியும் விடும். குழாயே கெட்டுவிட்டது என்று பயந்து வருபவர்களில் பலருக்கு மலமிளக்கியான லேக்டுலோஸ் சிரப் போதுமாக இருக்கும். வெள்ளை நூல்போல ஃபைப்ரின் என்ற உறைபுரதம் வந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், பையில் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்தைச் சேர்க்கச் சொல்லலாம். குடலின் முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையான ஒமென்டம் குழாயைச் சுற்றிக்கொண்டால் மட்டும் வீட்டு வைத்தியம் எடுபடாது.

நிரப்பும் முன் புதுப் பையிலிருந்து கழிவுப் பைக்குச் சில வினாடி ஓடவிடும் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். குழாயிலுள்ள காற்று உள்ளே போனால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடியில் ஏறி நிற்கும். அங்குள்ள நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரியும். காற்று மெதுவாகக் கரைந்துவிடும், ஆபத்தில்லை.

திரவம் மேலேறும் முக்கியப் பாதை வயிற்றின் வலது ஓரம். இடது பக்கத்தில் பெருங்குடலை உதரவிதானத்தோடு கட்டும் தசைநார் பாதி மறித்துவிடும். உதரவிதானத்தில் சிறு ஓட்டை இருந்தால் திரவம் நெஞ்சுக்குள் கசியும், அதுவும் பெரும்பாலும் வலப்பக்கம்தான். நிரப்பிய பிறகு மூச்சு வாங்குகிறது, வடிவதும் குறைகிறது என்றால் அடுத்த பையைப் போடாமல் உடனே அழையுங்கள். விதைப்பை வீங்கினால் குடலிறக்க வழி திறந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பெண்களுக்குக் கருக்குழாய் வழியே இந்த இடைவெளி வெளியோடு தொடர்புடையது. மாதவிடாய் நாட்களில் இளஞ்சிவப்பாக வடிவது இதனால்தான்.

சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இடம்தான் தலைவலி. நாளுக்கு 4 பை என்றால் மாதத்துக்கு 120 பை, 240 லிட்டர். பலர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரில் அடுக்குகிறார்கள். பை மாற்றும்போது கிருமி படாமலிருக்க ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, முகக்கவசம் போட வேண்டும். இந்தப் புழுக்கத்தில் கொடுமைதான், ஆனாலும் ஃபேனைப் போடாதீர்கள். பையை வெந்நீரில் முக்கிச் சூடாக்கக் கூடாது, சூடாக்கும் பேட் போதும்.

வடிந்த பையைத் தமிழ் முரசு நாளிதழின் மேல் வைத்தால் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் வலி இல்லாவிட்டாலும் பெரிட்டோனியத் தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை அதில் வெள்ளணுக்களை எண்ணும். மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணு என்றால் தொற்றுதான் என்று எடுத்துக்கொண்டு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவார்கள். ஆகவே அந்தப் பையைக் கழிப்பறையில் ஊற்றிவிடாமல் இரவானாலும் கையோடு எடுத்துப் போங்கள்.